தொட்டா லைட் எரியும் லேபிள்... பேக்கிங்கில் அச்சாகும் எலெக்ட்ரானிக்ஸ், யாருக்கு லாபம்?

2019ஆம் ஆண்டு கடைசியில் சிங்கப்பூரில் ஒரு கோக் பாட்டில் பரபரப்பாகப் பேசப்பட்டது. லேபிளில் 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் ரே, கைலோ ரென் கதாபாத்திரங்கள். அவர்கள் கையில் இருக்கும் ஒளிவாளின் மேல் விரலை வைத்தால் போதும், வாள் பளிச்சென்று எரியும். வெளியே ஒயர் இல்லை, பல்பு இல்லை. பார்க்க வெறும் லேபிள்தான்.

சுமார் 8,000 பாட்டில்கள் மட்டுமே வந்தன. அந்த ஒளிரும் லேபிளுக்குப் பின்னால் இருந்தது பெர்லினைச் சேர்ந்த இனுரு நிறுவனத்தின் ஓஎல்இடி தொழில்நுட்பம். படலம் போன்ற விளக்கு, மெல்லிய பேட்டரி, விரல் பட்டதும் முழுமையாகும் மின்சுற்று. எல்லாம் லேபிளுக்குள்ளேயே அடக்கம்.

இதைத்தான் 'பிரிண்டட் எலெக்ட்ரானிக்ஸ்' என்கிறார்கள். அதாவது, மின்சுற்றை அச்சடிப்பது.

மின்சாரத்தை எப்படிங்க அச்சடிக்க முடியும்?

விஷயம் மையில் இருக்கிறது. சாதாரண மையில் நிறமிகள் இருக்கும். இந்த மையில் வெள்ளி அல்லது கார்பன் துகள்கள் இருக்கும். காகிதத்திலோ பிளாஸ்டிக் படலத்திலோ கோடு போட்டு, சூடாக்கிக் காய வைத்தால், அந்தக் கோடு மின்சாரத்தைக் கடத்தும். கல்யாணப் பத்திரிகைக்கும் டி-சர்ட்டுக்கும் பயன்படும் ஸ்கிரீன் பிரிண்டிங் முறையே இதற்கும் போதும்.

புதுசா இருக்கேன்னு தோணுதா? உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். சர்க்கரை அளவு பார்க்கும் டெஸ்ட் ஸ்ட்ரிப்பில் உள்ள மின்முனைகள் பெரும்பாலும் இப்படி அச்சடிக்கப்பட்டவைதான். கார் பின்பக்கக் கண்ணாடியில் பனியைப் போக்க ஓடும் மெல்லிய கோடுகளும் வெள்ளி கலந்த பசையில் அச்சடிக்கப்படுபவை.

பிளாஸ்டிக்கும் மின்சாரத்தைக் கடத்தும் என்று கண்டுபிடித்த ஆலன் ஹீகர், ஆலன் மெக்டயர்மிட், ஹிடெக்கி ஷிரகாவா ஆகிய மூவருக்கும் 2000ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. வளையும் விளக்குகள், திரைகள் மீதான ஆராய்ச்சி வேகமெடுக்க அந்தக் கண்டுபிடிப்பும் ஒரு முக்கியக் காரணம்.

பிராண்டுகளுக்கு இதுல என்ன ஆர்வம்?

காரணம் மூன்று. முதலாவது, கவனம். கடை அலமாரியில் நூறு பாட்டிலுக்கு நடுவில் ஒன்று மட்டும் ஒளிர்ந்தால், கண் அங்கேதான் போகும்.

இரண்டாவது, அசல்-போலி பிரச்சினை. விலை உயர்ந்த மதுபானங்களில் காலி பாட்டிலை வாங்கி, மட்டமான சரக்கை ஊற்றி மறுபடி விற்பது உலகம் முழுக்க நடக்கும் மோசடி. 2015இல் டியாஜியோ நிறுவனமும் நார்வேயின் தின்ஃபிலிம் நிறுவனமும் இதற்கு ஒரு மாதிரியைக் காட்டின. 'ஜானி வாக்கர் புளூ லேபிள்' பாட்டிலில் அச்சிட்ட சென்சார் டேக். போனை அருகில் கொண்டுபோனால், சீல் உடைக்கப்பட்டதா இல்லையா என்று அது சொல்லிவிடும்.

இதே வேலையைச் செய்ய எளிமையான வழியும் உண்டு. மூடியின் குறுக்கே ஒரு கடத்தும் கோடு ஓடும். திறந்தால் கோடு அறுந்துவிடும். டேக்கில் உள்ள சிப் அந்தத் தகவலைப் பதிந்துகொள்ளும். பிறகு எவ்வளவு நேர்த்தியாக ஒட்டினாலும் 'இது திறக்கப்பட்டது' என்றே காட்டும்.

மூன்றாவது, பேச்சுவார்த்தை. பொருள் விற்றதோடு தொடர்பு முடியாமல், வாங்கியவர் போனைத் தட்டும்போதெல்லாம் பிராண்டு அவரிடம் பேசலாம். சமையல் குறிப்பு, சலுகை, விளம்பரம் எதையும் காட்டலாம்.

க்யூஆர் கோடு இருக்கும்போது இது எதுக்கு?

நியாயமான கேள்வி. இந்தியாவில் அதிகம் விற்கும் 300 மருந்து பிராண்டுகளின் பேக்கிங்கில் பார்கோடு அல்லது க்யூஆர் கோடு இருக்க வேண்டும் என்ற விதி 2023 ஆகஸ்ட் 1 முதல் அமலில் இருக்கிறது. அச்சுச் செலவு மிகக் குறைவு, எந்த போன் கேமராவிலும் படிக்கலாம்.

ஆனால் க்யூஆர் என்பது ஒரு படம். அசல் பெட்டியில் உள்ள கோடை நகலெடுத்து ஆயிரம் போலிப் பெட்டியில் ஒட்டினாலும், படம் ஒன்றுதான். என்எஃப்சி சிப்பில் அப்படி முடியாது. பாதுகாப்பு வசதி கொண்ட சிப்புகள் உள்ளே ஒரு ரகசியச் சாவியை வைத்திருக்கும். ஒவ்வொரு முறை தட்டும்போதும் புதுப் பதில் தரும். பழைய பதிலை நகலெடுத்துப் பயனில்லை.

அப்போ ஏன் எல்லா பாக்கெட்டிலும் வரல?

முதல் தடை, விலை. இன்றைய டேக்குகள் பெரும்பாலும் கலப்பு வகை. ஆன்டெனாவை அச்சடிக்கலாம், ஆனால் மூளை வேலை செய்யும் சிப் சிலிக்கானில் தயாராகித் தனியாக ஒட்டப்படுகிறது. மொத்தமாக வாங்கினாலும் ஒரு டேக்குக்குச் சில ரூபாய் ஆகும். பல ஆயிரம் ரூபாய் பாட்டிலுக்கு அது ஒன்றுமில்லை. 10 ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டுக்குக் கட்டுப்படியாகாது.

இரண்டாவது, போன். 2015இல் ஐபோன்களால் இத்தகைய டேக்கைப் படிக்க முடியாது. 2017இல் ஆப் வழியாக வசதி வந்தது. ஆப் இல்லாமலே படிப்பது 2018 மாடல்களில்தான் வந்தது. அதன் பிறகு தின்ஃபிலிம் இந்தத் தொழிலைக் கைவிட்டு, சிறிய பேட்டரி தயாரிப்புக்கு மாறியது. 2021இல் பெயரையும் 'என்சர்ஜ் மைக்ரோபவர்' என்று மாற்றிக்கொண்டது.

விலையைக் குறைக்கும் முயற்சி நிற்கவில்லை. ஆர்ம், பிராக்மாட்டிக் நிறுவனங்கள் பிளாஸ்டிக் படலத்தில் 32-பிட் பிராசசரை உருவாக்கி 2021இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டன. சிலிக்கான் இல்லாத மலிவு சிப்புகள் பெருகினால் கணக்கு மாறும்.

குப்பைக்குப் போனா?

இங்கேதான் சிக்கல். பேக்கிங் என்பது தூக்கிப் போடுவதற்கே செய்யப்படும் பொருள். அதில் பேட்டரியும் விளக்கும் சேர்ந்தால், அட்டைக் குப்பை மின்னணுக் குப்பையாகிவிடும். மறுசுழற்சிக்குப் பிரிப்பதும் கஷ்டம். சில முறை எரிந்து அணையும் விளக்குக்காக இந்தச் சுமை தேவையா என்ற கேள்வி நியாயமானது. பேட்டரி இல்லாத டேக்கில் இந்தப் பிரச்சினை குறைவு. தேவையான மின்சக்தியை அது போனிலிருந்தே எடுத்துக்கொள்ளும்.

வாங்குறவங்க கவனிக்க வேண்டியது என்ன?

டேக்கைத் தட்டினால் ஒரு இணையப் பக்கம் திறக்கும். எப்போது, தோராயமாக எந்த ஊரில் தட்டினீர்கள் என்பது நிறுவனத்துக்குத் தெரியவரும். அசலா போலியா என்று பார்க்க உங்கள் பெயரோ செல்போன் நம்பரோ தேவையில்லை. கேட்டால் கொடுக்காமல் விடலாம். திறக்கும் முகவரி அந்த பிராண்டின் அதிகாரப்பூர்வத் தளம்தானா என்றும் பாருங்கள். போலி டேக்கை ஒட்டி வேறு பக்கத்துக்கு இழுக்கவும் முடியும்.

ஒளிரும் லேபிள் பிராண்டை ஒரு வாரம் பேச வைக்கும். ஆனால் வாங்கிய மருந்தோ பால் பவுடரோ அசல்தான், யாரும் திறக்கவில்லை என்று சொல்லும் லேபிள்தான் நம்பிக்கையைச் சம்பாதிக்கும். பிராண்டுக்கு நிலைத்த லாபம் அந்த நம்பிக்கையில்தான் இருக்கிறது.