யார் செய்யும் சோதனை, யார் கட்டும் பணம்?
உடனிருப்போர் – 11

மோட்டார் நியூரான் நோய் என்று நரம்பியல் மருத்துவர் எழுதிக் கொடுத்த சில வாரங்களுக்குள், பல வீடுகளுக்கு ஒரு தொலைபேசி எண் வந்து சேர்ந்துவிடுகிறது. தூரத்து உறவினரோ, கூட வேலை பார்ப்பவரோ கொடுத்திருப்பார். "அங்க ஸ்டெம் செல் போடுறாங்களாம். படுத்த படுக்கையா இருந்தவரு எழுந்து நடந்தாராம்."

அந்த எண்ணைக் கிழித்துப் போட யாருக்கும் மனம் வராது. கை கால் தசைகள் சோர்ந்து, பேச்சு குழறி, கடைசியில் மூச்சுத் தசைகளும் தளர்ந்துபோகிற நோய் இது. 1995இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரிலுசோல் மாத்திரை ஆயுளைச் சில மாதங்கள் நீட்டித் தருகிறது. நோயை நிறுத்தும் மருந்து இன்னும் வரவில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் வீட்டுப் பெரியவர் ஒருவர், "மாப்பிள்ளை, பணத்தைப் பார்க்காதீங்க, உயிரைப் பாருங்க" என்று சொல்லிவிட்டால், வேண்டாம் என்று நினைக்கும் மகன்கூட வாயைத் திறக்க மாட்டான். மறுநாளே நகை அடகுக்குப் போகும். பிள்ளைகள் இருந்தும் பார்க்கவில்லை என்ற பேச்சுக்கு நம் வீடுகள் நோய்க்குப் பயப்படும் அளவுக்கே பயப்படுகின்றன. இந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அது அன்பிலிருந்து வருவது. அந்த அன்பை வைத்து ஒருவர் பில் போடுகிறாரே, அதுதான் என்னைக் கொதிக்க வைக்கிறது.

'எழுந்து நடந்தவர்' கதையை முதலில் எடுத்துக்கொள்வோம். இதே நோய்க்கு அமெரிக்காவில் நூர்ஓன் என்ற ஸ்டெம் செல் சிகிச்சையை முறையாகச் சோதித்தார்கள். நோயாளியின் எலும்பு மஜ்ஜையிலிருந்தே செல்களை எடுத்து, ஆய்வகத்தில் பக்குவப்படுத்தி, முதுகுத்தண்டைச் சூழ்ந்துள்ள நீருக்குள் மூன்று முறை செலுத்தினார்கள். ஒரு பிரிவினருக்குச் செல், இன்னொரு பிரிவினருக்குச் செல் இல்லாத திரவம். யாருக்கு எது போனது என்று நோயாளிக்கும் தெரியாது, அவரைப் பரிசோதித்து மதிப்பெண் போட்ட மருத்துவருக்கும் தெரியாது. முடிவு 2020இல் வந்தது. நோயின் வேகம் எதிர்பார்த்த அளவுக்குத் தணிந்தவர்கள், செல் பெற்றவர்களில் 33 விழுக்காடு. வெறும் திரவம் பெற்றவர்களில் 28 விழுக்காடு.

அந்த இரண்டாவது எண்ணை எத்தனை முறை படித்தாலும் எனக்குத் திகைப்பு குறைவதில்லை. ஒரு செல்கூட உள்ளே போகாமல், நூற்றில் 28 பேருக்கு நோய் வேகம் குறைந்திருக்கிறது. இந்த நோய் எல்லோரிடமும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. சிலருக்குச் சில மாதங்கள் தானாகவே மெதுவாகும். அந்த நேரத்தில் ஊசி போட்டுக்கொண்டவர் ஊசியைத்தான் கும்பிடுவார், அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் சாட்சியத்தை வைத்து உங்கள் அப்பாவுக்கு முடிவெடுக்க முடியாது. 2023 செப்டம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசனைக் குழு முன் நோயாளிகளும் குடும்பத்தினரும் வந்து, இதை அனுமதியுங்கள் என்று மன்றாடினார்கள். ஆதாரம் போதாது என்று 17 பேர் வாக்களித்தார்கள். போதும் என்றவர் ஒருவர்.

'பலன் இல்லாவிட்டால் போகட்டும், கெடுதல் ஒன்றும் இல்லையே' என்பது அடுத்த சமாதானம். இதற்குப் பதில் கண் நோய் ஒன்றில் இருக்கிறது. முதுமையில் விழித்திரையின் நடுப்பகுதி நைந்துபோகும் மாகுலர் டீஜெனரேஷன். 2017 மார்ச் 16ஆம் தேதியிட்ட நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில், இந்த நோய்க்கு ஸ்டெம் செல் பெற்றவர்களைப் பற்றி இரண்டு கட்டுரைகள் அடுத்தடுத்து வெளிவந்தன.

முதல் கட்டுரை ஜப்பானிலிருந்து வந்தது. கோபே நகரில் மசாயோ தகாஹாஷியின் குழு, எழுபது வயதைக் கடந்த ஒரு பெண்ணின் தோலிலிருந்து செல் எடுத்து, மாதக்கணக்கில் வளர்த்து, விழித்திரைச் செல்லாக மாற்றி, 2014 செப்டம்பரில் பொருத்தியது. ஒரு கண்ணில் மட்டும். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது பார்வை கூடவில்லை, குறையவும் இல்லை. இரண்டாவது நோயாளிக்கும் செல் தயாராக இருந்தது. சோதித்ததில் அதில் மரபணு மாற்றங்கள் தெரிந்தன. பொருத்தாமல் நிறுத்திவிட்டார்கள்.

இரண்டாவது கட்டுரை, அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் நடந்ததைச் சொன்னது. 72 முதல் 88 வயது வரையிலான மூன்று பெண்கள். வயிற்றுக் கொழுப்பிலிருந்து செல் எடுத்து அன்றைக்கே கண்ணுக்குள் செலுத்தினார்கள், இரண்டு கண்ணிலும் ஒரே நாளில். கட்டணம் ஆளுக்கு 5,000 டாலர். மூவருக்கும் பார்வை மிகக் கடுமையாகப் பறிபோனது. தாங்கள் ஓர் ஆராய்ச்சியில் சேர்ந்திருப்பதாக அவர்களில் சிலர் நம்பியிருந்தார்கள், ஏனென்றால் அமெரிக்க அரசின் ஆய்வுப் பதிவேட்டில் அந்தச் சிகிச்சையின் பெயர் இருந்தது. பதிவு என்பது அனுமதி ஆகாது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. நம் ஊரிலும், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யின் பதிவு எண்ணைக் காட்டினால் அத்துடன் திருப்தி அடைந்துவிடாதீர்கள். மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் அனுமதியையும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலையும் கேளுங்கள்.

கோபேயில் செய்ததும் தெரியாத ஒன்றைத்தான். ஆனால் தெரியாது என்பதை ஒப்புக்கொண்டு செய்தார்கள். அதனால்தான் மறு கண்ணைத் தொடவில்லை.

இந்தியாவில் ஸ்டெம் செல் சிகிச்சைக்குச் சட்டதிட்டம் இல்லாமல் இல்லை. ரத்தப் புற்றுநோய், தலசீமியா போன்றவற்றுக்கான ஸ்டெம் செல் மாற்று, வேலூர் சி.எம்.சி.யில் 1986 முதல் நடந்துவரும், நிலைபெற்ற சிகிச்சை. அந்த வகை நோய்களைத் தாண்டி மற்றவற்றுக்கு ஸ்டெம் செல் கொடுப்பது ஆராய்ச்சி மட்டுமே என்கின்றன இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டு நெறிகள். ஆராய்ச்சி என்றால் சேர்பவரிடம் அந்தச் சிகிச்சைக்குக் கட்டணம் வாங்கக் கூடாது. ஆய்வால் உடலுக்குத் தீங்கு நேர்ந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் தர வேண்டும் என்கின்றன 2019ஆம் ஆண்டின் மருத்துவச் சோதனை விதிகள். ஆகவே அறிவியல் புரியாத வீட்டுக்கும் ஒரு கேள்வி கைவசம் உண்டு: "இது ஆராய்ச்சின்னா எங்ககிட்ட ஏன் பணம் கேட்கிறீங்க? சிகிச்சைன்னா அனுமதி எங்கே?" இரண்டில் ஒன்றுக்காவது நேரான பதில் வராத இடத்தில் உங்கள் அம்மாவையோ அப்பாவையோ படுக்க வைக்காதீர்கள். இன்னொன்றும் உண்டு. முன்பே இப்படி எங்காவது செல் ஏற்றிக்கொண்டவர்களை, பிற்பாடு வரும் முறையான ஆய்வுகள் பலவற்றில் சேர்த்துக்கொள்வதில்லை. உண்மையான வாய்ப்பு ஒன்று வரும்போது கதவு மூடியிருக்கும்.

இத்தனை பேச்சிலும் ஒருவரை விட்டுவிடுகிறோம். மகன், மருமகன், மாமா எல்லோரும் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று பேசி முடிக்கிறார்கள். "அப்பாகிட்ட கேட்டீங்களா?" என்றால், "அவருக்கு முழுசாச் சொல்லலைங்க, தாங்க மாட்டாரு" என்பார்கள். இந்த நோயில் பெரும்பாலோருக்கு உடல்தான் ஓய்கிறது, மனம் தெளிவாக இருக்கிறது. தன் முதுகில் இறங்கப்போகும் ஊசியைப் பற்றி அவருக்கு ஓர் அபிப்பிராயம் இருக்கும். வீட்டை அடமானம் வைப்பதைப் பற்றி அதைவிட உறுதியான அபிப்பிராயம் இருக்கும். வாய் குழறினால் எழுதட்டும், கையும் ஓய்ந்தால் எழுத்துப் பலகையில் கண்ணால் காட்டட்டும். அவர் எல்லாம் அறிந்த பிறகு, முறையான ஆய்வு ஒன்றில் சேர்கிறேன் என்று சொன்னால், அது அவர் முடிவு. துணைக்குப் போங்கள்.

அடகு வைக்கத் துணிந்த பணம் இருக்கிறதல்லவா, அதற்கு வேறு வேலை உண்டு. மூக்கில் முகமூடி வைத்து மூச்சுக்கு உதவும் பைபேப் கருவியைப் பற்றி, பிரிட்டனில் 2006இல் ஓர் ஆய்வு வெளியானது. பேசும், விழுங்கும் தசைகள் மிக மோசமாகாத மோட்டார் நியூரான் நோயாளிகளுக்கு, அது ஆயுளை நடுமதிப்பாக 205 நாள் கூட்டியது. உறக்கமும் சீரானது. எந்த ஸ்டெம் செல்லும் இந்த நோயில் இதுவரை நிரூபித்துக் காட்டாத பலன் இது. நுரையீரல் மருத்துவரிடம் மூச்சுத் திறனை அளந்து பார்க்கச் சொல்லி இந்த வாரமே நேரம் வாங்குங்கள். காலையில் எழுந்ததும் தலைவலி, இரவில் அடிக்கடி விழிப்பு, மல்லாந்து படுத்தால் திணறல் என்று அவர் சொன்னால், தேதிக்குக் காத்திருக்காமல் உடனே கூட்டிப் போங்கள்.

(அடுத்த வாரம்: விழுங்கச் சிரமம் தொடங்கியபின் வயிற்றுக் குழாயை எப்போது வைப்பது?)