பால்மரம் சீவும் கையும் அலையும் மனமும்

பேராக் தோட்டப்புறங்களில் பால்மரம் சீவியவர்கள் ஏன் விடியுமுன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போனார்கள்? தோட்டத்தில் வாழ்ந்த தாத்தா பாட்டியைக் கேளுங்கள். வெயில் ஏறினால் பால் இறங்காது என்பார்கள். அறிவியலும் அதையே சொல்கிறது. ரப்பர் மரப்பட்டைக்குள் பால் நிறைந்திருக்கும் நுண்குழாய்களில் அழுத்தம் விடியலுக்கு முன்புதான் உச்சத்தில் இருக்கும். அது கார் டயரின் காற்றழுத்தத்தைவிடப் பல மடங்கு அதிகம். வெயில் வந்ததும் இலைகள் நீரை ஆவியாக வெளிவிடுகின்றன, மரத்துக்குள் அழுத்தம் குறைகிறது, பாலும் குறைகிறது.

சீவுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஒரு முறை சீவும் பட்டை ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர்தான். ஆழம் குறைந்தால் பால்குழாய்கள் அறுபடமாட்டா. ஆழம் மிகுந்தால் உள்ளே இருக்கும் வளர்படை காயப்பட்டு, புதுப்பட்டை சீராக வளராமல் முண்டும் முடிச்சுமாகிவிடும். ஒரு காலையில் சில நூறு மரங்கள். ஒவ்வொன்றிலும் அந்தச் சில விநாடிகள் கண்ணும் கையும் மனமும் கத்தி முனையில் இருந்தாக வேண்டும். இதை வைத்து அந்தக் காலத்து வாழ்க்கை நிம்மதியானது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். கொசு, அட்டை, பாம்பு, குறைந்த கூலி எல்லாம் அந்த நிரையில்தான் இருந்தன. நாம் பார்க்கப்போவது மனம் செய்யும் வேலையை மட்டும்.

மனம் செய்யும் வேலையில்லாதபோது சும்மா இருக்கும் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். மூளை நம் உடல் எடையில் 2 விழுக்காடுதான். ஆனால் உடலின் ஆற்றலில் சுமார் 20 விழுக்காட்டைச் செலவிடுகிறது. கணக்குப் போடும்போதும் சரி, கூரையைப் பார்த்துப் படுத்திருக்கும்போதும் சரி, இந்தச் செலவு பெரிதாக மாறுவதில்லை. அமெரிக்க நரம்பியல் அறிஞர் மார்கஸ் ரெய்க்கிலும் அவருடைய குழுவினரும் 2001ஆம் ஆண்டில் இதை விளக்கினார்கள். வெளிவேலை நின்றதும் மூளையில் சில பகுதிகள் ஒன்றாகச் சேர்ந்து அதிகமாக இயங்குகின்றன. நேற்று நடந்த சண்டை, நாளைய தேர்வு, 'அவள் என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பாள்' என்ற கேள்வி ஆகியவற்றை எடுத்து அலசுவது இந்தக் கூட்டணியின் வேலை.

அது எவ்வளவு நேரம் அலசுகிறது? ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாத்யூ கில்லிங்ஸ்வொர்த்தும் டேனியல் கில்பர்ட்டும் கைப்பேசிச் செயலி ஒன்றின் வழி 2,250 பேரிடம், நாளின் ஏதோ ஒரு நேரத்தில் திடீரென்று மூன்று கேள்விகள் கேட்டார்கள். இப்போது என்ன செய்கிறீர்கள்? மனம் அதிலேயே இருக்கிறதா? எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறீர்கள்? 2010இல் 'சயன்ஸ்' இதழில் முடிவு வெளிவந்தது. 46.9 விழுக்காடு நேரம் மனம் வேறெங்கோ இருந்தது. அப்படி அலைந்தபோது மக்கள் பொதுவாகக் குறைந்த மகிழ்ச்சியுடன் இருந்தார்கள். இனிமையான ஒன்றை நினைத்து அலைந்தவர்கள்கூட, கையிலுள்ள வேலையில் ஒன்றியிருந்தவர்களைவிட அதிக மகிழ்ச்சி அடையவில்லை. மனம் அலைவது முழுவதும் கெடுதல் என்று சொல்லிவிட முடியாது. நாளைக்குத் திட்டமிடுவதும் புதிதாக ஒன்று தோன்றுவதும் அப்போதுதான்.

இனி, 'அது கிடைத்தால் போதும்' என்ற நினைப்புக்கு வருவோம். வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற அறிஞர் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்து, டோபமின் சுரக்கும் நரம்பணுக்களைக் கவனித்தார். எதிர்பாராமல் சாறு கிடைத்தபோது அவை துடித்தன. சாறு வருமுன் ஓர் அடையாளம் காட்டிப் பழக்கியதும், அடையாளத்தைக் கண்டவுடனே துடித்தன. சாறு வாய்க்கு வந்தபோது அமைதியாகிவிட்டன. சாறு மாறவில்லை, அதன் புதுமைதான் போய்விட்டது. புந்தோங் கச்சான் பூத்தே பொட்டலத்தில் முதல் பிடிக்கு இருக்கும் ருசி பத்தாவது பிடிக்கு இருப்பதில்லை அல்லவா? ஏறக்குறைய அப்படித்தான். கைப்பேசி 'டிங்' என்றதும் நெஞ்சு துள்ளுவதும், திறந்து பார்த்ததும் ஒன்றுமில்லாததுபோல் ஆவதும் இதற்கு நெருங்கிய உறவு.

1978இல் பிரிக்மன் என்பவரும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவில் லாட்டரி வென்ற 22 பேரை மற்றவர்களோடு ஒப்பிட்டார்கள். வென்றவர்கள் குறிப்பிடத்தக்க அளவு அதிக மகிழ்ச்சியுடன் இல்லை. அன்றாடச் சின்னச் சின்ன விஷயங்களில் அவர்கள் கண்ட இன்பமும் குறைந்திருந்தது. இந்த ஆய்வை எடுத்துக்காட்டி, பணம் வேண்டாம், இருப்பது போதும் என்று மேடையில் பேசுபவர்கள் உண்டு. 22 பேர் மிகச் சிறிய எண்ணிக்கை. பின்னர் சுவீடனில் மிகப் பெரிய எண்ணிக்கையில் பரிசு பெற்றவர்களை ஆராய்ந்தபோது, அவர்களுடைய வாழ்க்கைத் திருப்தி பத்தாண்டுகள் கடந்தும் உயர்ந்தே இருந்தது. ஆகவே ஏழையிடம் போய் மனநிறைவைப் பற்றிப் பாடம் நடத்த அறிவியல் யாருக்கும் அனுமதி தரவில்லை.

நம் மாநிலத்துக்கு இது புதிய செய்தி அல்ல. 1950களில் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது தொழிலாளர்கள் வேலையோடு வீட்டையும் இழந்தார்கள். விதி என்று அமைதியாக இருந்திருக்கலாம். சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன், 1960இல் தேசிய நில நிதி கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களையே வாங்க வழி செய்தார். இன்றைய வேலையில் மனம் ஒன்றியிருப்பதும், நாளைய நிலைமை மாற வேண்டும் என்று கேட்பதும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல. என் கணக்கில், இவை இரண்டையும் போட்டுக் குழப்புவதுதான் 'போதும்' என்ற சொல்லுக்குக் கெட்ட பெயர் வாங்கித் தருகிறது.

கில்லிங்ஸ்வொர்த்தின் சோதனையைப் படிவம் 4 மாணவரும் செய்து பார்க்கலாம். கைக்கடிகாரத்தில் ஒரு நாளைக்கு ஐந்து நேரங்களுக்கு அலாரம் வையுங்கள். எந்தெந்த நேரம் என்பதை நண்பர் தேர்ந்தெடுக்கட்டும், இல்லாவிட்டால் மனம் முன்கூட்டியே உஷாராகிவிடும். ஒலித்ததும் அதே மூன்று கேள்விகளுக்கு நோட்டில் பதில் எழுதுங்கள். மகிழ்ச்சிக்கு 100க்கு எத்தனை புள்ளி என்று போடுங்கள். இரண்டு வாரத்தில் 70 பதிவுகள் சேரும். மனம் வேலையிலேயே இருந்த நேரங்களின் சராசரியையும் அலைந்த நேரங்களின் சராசரியையும் தனித்தனியே கணக்கிட்டுப் பாருங்கள். அலைந்தபோது மனம் போனது நேற்றுக்கா நாளைக்கா என்பதையும் குறித்துக்கொண்டால், எஸ்.பி.எம். நெருங்கும் மாதத்தில் எழுதும் நோட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.