எஸ்.எஸ்.டி எத்தனை வருஷம் உழைக்கும்? பீரோவில் பூட்டி வைத்தால் போட்டோக்கள் தங்குமா?

லேப்டாப் ஆன் ஆவதற்குள் ஒரு காபியே குடித்துவிடலாம் என்ற நிலையா? "ஹார்டு டிஸ்க்கை எடுத்துட்டு எஸ்.எஸ்.டி போட்டுடுங்க" என்பார் கடைக்காரர். வேகத்தைப் பொறுத்தவரை அது சரியான யோசனைதான். ஆயுள்?

ஹார்டு டிஸ்க்கின் உள்ளே தட்டுகள் நிமிஷத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுற்றுகின்றன. தகவலைப் படிக்கும் முனை, தட்டின் மேல் தலைமுடியைவிட மிக மெல்லிய இடைவெளியில் மிதக்கிறது. ஓடும்போது கீழே விழுந்தால் முனை தட்டில் மோதி, கதை முடிந்துவிடலாம். எஸ்.எஸ்.டி-யில் அசையும் பாகமே இல்லை; எல்லாம் சிப்தான். பஸ்ஸில் குலுங்கினாலும் கவலையில்லை.

ஆனால், இதற்கு வேறு வகைத் தேய்மானம் உண்டு. சிப்பில் உள்ள நுண்ணிய அறைகளில் மின்னூட்டமாகத்தான் தகவல் தங்குகிறது. அழித்து எழுதும் ஒவ்வொரு முறையும் அறை கொஞ்சம் தேயும். உதாரணமாக, சாம்சங் 870 ஈவோ 1 டிபி மாடலுக்கு வாரன்டி 5 வருஷம் அல்லது 600 டெராபைட் எழுதும் வரை. எது முதலில் வருகிறதோ அது. தினம் 20 ஜிபி எழுதினாலும் 600-ஐத் தொட 80 வருஷத்துக்கு மேலாகும். அதனால் வீட்டு உபயோகத்தில் தேய்ந்துபோகும் என்ற பயம் வேண்டாம்.

பிரச்னை வேறு இடத்திலிருந்து வரும். சர்வர்களுக்கான தன் எஸ்.எஸ்.டி-க்களில் சில, 32,768 மணி நேரம் ஓடியதும் செயலிழந்துவிடும், தகவலை மீட்க முடியாது என்று 2019-ல் ஹியூலெட் பேக்கர்ட் என்டர்பிரைஸ் எச்சரித்தது. காரணம், ஃபர்ம்வேர் கோளாறு. ஹார்டு டிஸ்க்காவது பல நேரங்களில் 'கடகட'வென்று முன்கூட்டியே புலம்பும். எஸ்.எஸ்.டி சத்தமே இல்லாமல் போய்விடும்!

முக்கியமான விஷயம் இதுதான். கல்யாண வீடியோவை எஸ்.எஸ்.டி-யில் ஏற்றி பீரோவில் பூட்டி வைக்காதீர்கள். மின்சாரம் இல்லாமல் கிடந்தால் மின்னூட்டம் மெள்ளக் கசியும். எழுதும் அளவு முழுக்கத் தீர்ந்த டிரைவ்கூட 30 டிகிரி வெப்பத்தில் ஒரு வருஷம் தகவலைக் காக்க வேண்டும் என்பது ஜெடெக் அமைப்பின் தர விதி. புதியது இன்னும் பல காலம் தாங்கும். ஆனால், வெப்பம் ஏற ஏற அந்தக் காலம் சுருங்கும். நம்மூர் மே மாதத்தைச் சொல்லவா வேண்டும்?

பராமரிப்பு பெரிய வேலையில்லை. டீஃப்ராக் செய்யாதீர்கள், அது வீண் எழுத்து. விண்டோஸ் 7 முதல் இருக்கும் 'ட்ரிம்' வசதியே உள்ளே சுத்தம் செய்துகொள்ளும். அதே ட்ரிம், தவறுதலாக அழித்த ஃபைலை மீட்கும் வாய்ப்பையும் குறைத்துவிடும் என்பதால் டெலீட் பட்டனில் நிதானம் தேவை. டிரைவை விளிம்பு வரை நிரப்பாமல் கொஞ்சம் இடம் விடுங்கள். 'கிறிஸ்டல் டிஸ்க்இன்ஃபோ' என்ற இலவச சாஃப்ட்வேரில் அவ்வப்போது டிரைவின் நிலையைப் பாருங்கள்.

லேப்டாப்பிலிருந்து கழற்றிய ஹார்டு டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் கடையில் விட்டுவராதீர்கள். யு.எஸ்.பி கேஸ் ஒன்று வாங்கிப் போட்டால், குடும்ப போட்டோக்களின் இரண்டாவது பிரதிக்கு அது போதும்.