மூச்சுக் கருவிக்கும் பருவப் பராமரிப்பு வேண்டும்



மருந்தடித்து முடிந்ததும் தெளிப்பானைக் கழுவி வைக்கிறோம். டிராக்டரின் காற்று வடிகட்டியில் தூசி அடைத்தால் இழுவை குறையும் என்று நமக்குத் தெரியும். ஆனால், வீட்டில் இளைப்பு உள்ளவருக்காக வாங்கிய மூச்சுக் கருவியை மட்டும் மாடத்தில் போட்டதோடு மறந்துவிடுகிறோம். நடுராத்திரியில் மூச்சு முட்டும்போதுதான் அதைத் தேடுகிறோம். அந்த நேரத்தில் அது வேலை செய்ய வேண்டாமா?

மருந்து இரண்டு வகை

இன்ஹேலரில் இரண்டு வகை உண்டு. சால்பூட்டமால் போன்றது சுருங்கிய மூச்சுக்குழாயைச் சில நிமிஷத்தில் விரிக்கும், இது அவசரத்துக்கு. புடசோனைடு போன்றது குழாயின் உள்வீக்கத்தைக் குறைக்கும். இது தினமும் எடுக்க வேண்டியது. உடம்பு நல்லா இருக்கிற நாளிலும் இதை விடக் கூடாது. விட்டுவிட்டு அவசர மருந்தை மட்டும் அடித்துக்கொண்டிருந்தால், உள்ளே வீக்கம் இருந்துகொண்டே இருக்கும். ஒருநாள் அந்த அவசர மருந்தும் கேட்காமல் போகலாம். உயிருக்கு ஆபத்து வருவது இப்படித்தான்.

"இதை இழுத்தா பழக்கமாயிடுமே" என்று சிலர் பயப்படுகிறார்கள். பழக்கமாகாது. மாத்திரை உடம்பு முழுக்கப் பரவுகிறது. இது மிகக் குறைந்த அளவில் நேரே நுரையீரலுக்குப் போகிறது. புடசோனைடு இழுத்தபின் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இல்லாவிட்டால் வாய்ப்புண் வரும்.

ஐப்பசி, கார்த்திகை: ஈரம்

அடைமழையில் பொடி மருந்துக்குத்தான் முதல் சேதம். குப்பி மாத்திரையைக் கருவியில் போட்டு இழுக்கிறார்களே, அந்தப் பொடி ஈரம் பட்டால் கட்டியாகிவிடும். உர மூட்டை மழைக்காலத்தில் கட்டி தட்டுகிற மாதிரிதான். மூடியை இறுக மூடுங்கள். கருவிக்குள் வாயால் ஊதாதீர்கள்; கழுவினால் நன்றாக உலர்ந்த பிறகே பயன்படுத்துங்கள். குப்பியை விழுங்கக் கூடாது.

நெபுலைசர் வைத்திருப்பவர்கள், ஒவ்வொரு தடவையும் மிச்ச மருந்தைக் கொட்டி, கிண்ணத்தையும் முகமூடியையும் காய்ச்சி ஆறவைத்த நீரில் அலசி, சுத்தமான துணிமேல் காயவிட வேண்டும். தினம் ஒருமுறை சோப்பு நீரில் கழுவுங்கள். ஈரக் கிண்ணத்தில் கிருமி வளர்ந்தால், அடுத்த தடவை மருந்தோடு அதுவும் நெஞ்சுக்குள் போகும். குழாயைக் கழுவ வேண்டாம். உள்ளே நீர் கோத்திருந்தால் இயந்திரத்தை வெறுமனே சற்று ஓடவிடுங்கள். மருந்தோடு கிணற்று நீரைக் கலக்காதீர்கள். டாக்டர் எழுதிய சலைன்தான் சேர்க்க வேண்டும்.

நனைந்த வைக்கோலில் பூசணம் பிடிக்கும். அதை உதறினால் கண்ணுக்குத் தெரியாத தூள் நெஞ்சில் இறங்கி, சில மணி நேரம் கழித்துக் காய்ச்சலும் இருமலும் கொடுக்கும். இளைப்பு உள்ளவர் அந்த வேலைக்குப் போகவே கூடாது.

மார்கழி, தை: பனியும் தூசியும்

விடியற்காலைப் பனிக்காற்று மூச்சுக்குழாயைச் சுருக்கும். பின்னாலேயே கதிரடிப்புத் தூசி வந்துவிடும். தலைத்துண்டை மூக்கில் கட்டினால் பெரிய தூசிதான் நிற்கும். நுண்ணிய தூசிக்கு என்-95 முகக்கவசம் வேண்டும். காற்று வரும் பக்கமாக நின்று வேலை செய்யுங்கள். போகிக்குப் பழைய டயரைக் கொளுத்த வேண்டாம். நெபுலைசரின் வெள்ளை வடிகட்டி பழுப்பேறியிருந்தால் புதிது போடுங்கள். கழுவிப் போட்டால் பயனில்லை.

சித்திரை, வைகாசி: வெயில்

இன்ஹேலர் குப்பியில் மருந்து அழுத்தத்தில் அடைக்கப்பட்டிருக்கிறது. தகரக் கூரைக்கடியிலோ, வண்டிப் பெட்டியிலோ, அடுப்பங்கரையிலோ வைக்காதீர்கள். காலிக் குப்பியை நெருப்பில் போட்டால் வெடிக்கும். பல குப்பிகளில் 200 அழுத்தம் மருந்து இருக்கும். தினம் 4 என்றால் 50 நாள். தொடங்கிய தேதியைக் காலண்டரில் குறித்துவிடுங்கள். தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பது நம்பகமான கணக்கல்ல. பிளாஸ்டிக் கூட்டை மட்டும் வாரம் ஒருமுறை கழுவலாம். ஸ்பேசரைச் சோப்பு நீரில் அலசித் தானாகக் காயவிடுங்கள். துணியால் தேய்த்தால் மருந்து அதன் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும்.

ஆக்சிஜன் மெஷின் உள்ள வீட்டுக்கு

2021-இல் கொரோனா இரண்டாம் அலையின்போது பலரும் வாங்கிய இயந்திரம் இது. காற்றில் சுமார் 21 சதவீதம் இருக்கிற ஆக்சிஜனை, நைட்ரஜனைப் பிரித்து நீக்கி, 90 சதவீதத்துக்கு மேல் ஆக்கித் தருகிறது. இயந்திரத்தைச் சுவரை ஒட்டி வைக்காமல் ஓர் அடி தள்ளி வையுங்கள். வெளி வடிகட்டியை வாரம் ஒருமுறை, கதிரடிப்புக் காலத்தில் இன்னும் அடிக்கடி, கழுவிக் காயவைத்து மாட்டுங்கள். நீர்ப்புட்டியில் காய்ச்சி வடித்த நீரைத் தினம் மாற்றுங்கள். மின்தடைக்கு என்ன ஏற்பாடு என்று முன்னாலேயே டாக்டரிடம் கேட்டுவையுங்கள். அளவை நீங்களாகக் கூட்டக் கூடாது.

இந்த அறையில் பீடி, விளக்கு, கொசுவர்த்தி, அடுப்பு எதுவும் ஆகாது. ஆக்சிஜன் பட்ட துணியில் தீ மிக வேகமாகப் பற்றும்.

அபாயக் குறிகள்

ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியவில்லை, விலா உள்ளே இழுக்கிறது, உதடு நீலம் பாய்கிறது, அவசர மருந்து அடித்தும் அடங்கவில்லை. இதில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். நோயாளியைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி உட்கார வையுங்கள். வண்டி வரும்வரை, டாக்டர் சொன்ன அளவுப்படி ஸ்பேசரில் அவசர மருந்தை ஒவ்வொரு அழுத்தமாகக் கொடுங்கள்.

அடுத்த முறை ஆரம்ப சுகாதார நிலையம் போகும்போது கருவியையும் எடுத்துப்போய், டாக்டர் முன்னாலேயே இழுத்துக் காட்டுங்கள். தவறு இருந்தால் அங்கேயே திருத்திக்கொள்ளலாம். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் கருவியை எடுத்து, காலாவதித் தேதியைப் பாருங்கள்.