சல்லடையில் நிற்காத லென்ஸ்

போடிநாயக்கனூரில் ஏலக்காயின் மதிப்பைச் சொல்வது சல்லடை. 8 மில்லிமீட்டர் கண்ணில் விழாமல் மேலே தங்கினால் அது 'போல்டு', ஏலத்தில் ராஜமரியாதை. 7-இல் நின்றாலும் மோசமில்லை. அதற்கும் கீழே போனால் விலையும் கூடவே இறங்கும்.

அந்தச் சல்லடையில் மதுரையில் தயாராகும் ஒரு பொருளை எடுத்துப் போட்டுப் பாருங்கள். நடுவட்டம் வெறும் 6 மில்லிமீட்டர். இருபுறமும் மயிரிழைபோல வளைந்த கொக்கிகளையும் சேர்த்து அளந்தால் 13 மில்லிமீட்டர் வரும். கண்புரை ஆபரேஷனில் கண்ணுக்குள் வைக்கிறார்களே, அந்த லென்ஸ்தான். செய்வது ஆரோலேப். அரவிந்த் கண் மருத்துவமனையின் அறக்கட்டளை நிறுவனம். மதுரை சிவகங்கை சாலையில் வீரபாஞ்சானில் இருக்கிறது.

லென்ஸ் வருவதற்கு முன் புரையை எடுத்தவர்களுக்குக் கிடைத்தது சோடாபுட்டி கண்ணாடி. நம் தாத்தா பாட்டிகளின் மூக்கில் அதன் தழும்பைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறோம். எல்லாப் பொருளையும் கால்பங்குக்கும் மேல் பெரிதாக்கிக் காட்டும். ஓரங்கள் வளைந்து தெரியும். சமதளத்தில் நடப்பவர் எப்படியோ பழகிக்கொள்வார். போடிமெட்டுக்கு மேலே, சரிவில் கால் வைத்து ஏலத்தோட்டத்துக்குள் இறங்குகிறவருக்கு அடுத்த அடி எங்கே என்பதே தகராறு. ஏலச்செடி காய்ப்பதோ அடித்தூரில். தரையோடு படர்ந்து கிடக்கும் சரத்தில் பழுத்த காயை மட்டும் கிள்ளி, பிஞ்சை விட்டுவர வேண்டும். கண்ணாடி ஒருநாள் கீழே விழுந்து உடைந்தால் ஆபரேஷன் செய்த கண்ணும் செய்யாத கண்ணும் ஒன்றுதான்.

கண்ணுக்குள்ளேயே லென்ஸ் வைக்கலாம் என்ற யோசனை போரில் கிடைத்தது. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் விமானிகளின் கண்ணில் விமானக் கூண்டின் பெர்ஸ்பெக்ஸ் சில்லுகள் தைத்தன. கண் அவற்றை வெளியே தள்ளவில்லை, புண்ணாகவும் இல்லை. இதைக் கவனித்த ஹெரால்ட் ரிட்லி 1949 நவம்பர் 29-ஆம் தேதி லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அதே பிளாஸ்டிக்கில் செய்த லென்ஸை ஒரு நோயாளிக்கு வைத்தார். உலகம் அதை ஏற்றுக்கொள்ளப் பல ஆண்டுகள் ஆயின.

நமக்கு வந்தபோது விலைதான் வழியை அடைத்தது. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-இல் அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்று, மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்தைத் தொடங்கினார். முடக்குவாதத்தில் கோணிப்போன விரல்களோடு ஆயிரக்கணக்கான ஆபரேஷன் செய்தவர். வருகிறவர்களில் பெரும்பகுதிக்குக் காசில்லாமலோ குறைந்த காசிலோ சிகிச்சை என்பது அங்கே நடைமுறை. வெளிநாட்டு லென்ஸ் ஒன்று 100 டாலர் அளவில் விற்றபோது, காசு கொடுக்கிறவருக்கு லென்ஸ், இல்லாதவருக்குச் சோடாபுட்டி என்று இரண்டு வரிசை உருவானது. நன்கொடையாக வந்த லென்ஸ்கள் யானைப்பசிக்குச் சோளப்பொரி. 1992-இல், அமெரிக்கரான டேவிட் கிரீன் துணையோடு தொழில்நுட்பத்தை வாங்கி, ஆரோலேப் பிறந்தது. தொடக்கத்தில் 10 டாலர் அளவில் இருந்த விலை பிறகு 4 டாலருக்கும் கீழே வந்தது. இன்று 100-க்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது.

இந்தக் கதை வணிகக் கல்லூரிகளில் பாடமாகிவிட்டது. ஆனால் எல்லோரும் விலையையே பேசுகிறார்கள். எனக்கு வியப்பு, லென்ஸை அடைத்து வரும் உறை.

லேத்தில் கடைந்து மெருகேற்றிய லென்ஸை, கிராமத்திலிருந்து பிளஸ் டூ முடித்து வந்து பயிற்சி பெற்ற பெண்கள் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்கிறார்கள். கீறல் இருந்தால் கழிவு. தேறியதைச் சின்னப் பெட்டியில் வைத்து உறையிலிட்டு ஒட்டுகிறார்கள். உறையின் ஒரு பக்கம் கண்ணாடிபோலத் தெளிந்த பிளாஸ்டிக். மறுபக்கம் வெள்ளைக் காகிதம் மாதிரி இருக்கும், கிழித்துப் பார்த்தால்தான் சங்கதி தெரியும். அது டைவெக், பாலித்தீன் இழைகளைப் பின்னாமல் சூட்டில் அழுத்தி எடுத்த தாள். வாயு அதனூடே புகும், கிருமி புகாது.

இந்த ஒரு குணத்தால்தான் வேலையே நடக்கிறது. பொருளை முதலில் ஒட்டி மூடிவிட்டு, மூடிய உறைக்குள்ளேயே எத்திலீன் ஆக்சைடு வாயுவைச் செலுத்திக் கிருமியைக் கொல்கிறார்கள். அது விஷவாயு. ஒரு துளி மிச்சம் நின்றாலும் கண் சிவந்துவிடும் என்பதால் காற்றோட்டத்தில் வைத்து வெளியேற்றி, சோதித்த பிறகே அட்டைப்பெட்டிக்குப் போகும். ஒட்டும் சூட்டுக்கும் கணக்கு உண்டு. குறைந்தால் லாரிக் குலுக்கலில் வாய் பிளக்கும். கூடினால் தியேட்டரில் நர்ஸ் உரிக்கும்போது இழை பிய்ந்து பறக்கும், அந்த இழை கண்ணுக்குள் போனால் யார் பொறுப்பு? மடித்து நுழைக்கும் மென்மையான ரகங்களில் சில உப்புநீரில் மிதந்தபடி வருகின்றன, அவற்றுக்கு நீராவி.

போடிக்காரர்களுக்கு இந்தக் கவலை புதிதல்ல. 'ஸ்டோர்' எனப்படும் உலர்த்தும் கூடத்தில் வாட்டி எடுத்த காயில் ஈரப்பதம் 10, 12 சதவீதத்தில் நின்றாக வேண்டும். வெளிச்சம் பட்டால் பச்சை வெளுக்கும், ஈரம் புகுந்தால் பூசணம் பிடிக்கும். பாலித்தீன் உள்ளுறை போட்ட சாக்கைக் கட்டுவதில் காட்டும் அக்கறைதான் ஏலத்தட்டில் விலையாகத் திரும்பி வருகிறது. மூட்டைக்குள் காற்றே நுழையக்கூடாது, லென்ஸ் உறைக்குள் வாயு நுழைந்தாக வேண்டும். வித்தியாசம் அவ்வளவுதான்.

பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் ஓர் எண் இருக்கும். அதுதான் பவர். ஆபரேஷனுக்கு முன் கண்ணின் நீளத்தை அளந்து, 20, 20.5, 21 என்று அரை அரையாக ஏறும் ரெடிமேட் அளவுகளில் பொருத்தமானதை எடுக்கிறார்கள். நீளத்தை 1 மில்லிமீட்டர் தப்பாக அளந்தால் பார்வையில் இரண்டரை, மூன்று பவர் பிசகும். பெட்டியோடு வரும் ஸ்டிக்கர் நோயாளியின் கேஸ் ஷீட்டிலும் அவர் கையில் தரும் அட்டையிலும் ஒட்டப்படும். ஆபரேஷன் முடிந்தவர்கள் அந்த அட்டையை ரேஷன் கார்டோடு சேர்த்துப் பத்திரமாக வைத்துக்கொள்வது நல்லது.

ஆரோலேப் லென்ஸோடு நிற்கவில்லை. 2013-இல் கண் அழுத்த நோய்க்கென 'ஆடி' என்ற சிலிக்கோன் வடிகால் கருவியையும் கொண்டுவந்தது. கண்ணுக்குள் தேங்கும் நீரை வெளியே வடியவிடும் தகடு. பரப்பு 350 சதுர மில்லிமீட்டர். தோட்டக்காட்டுக்கு அதைவிட நெருக்கமானது நாட்டமைசின் சொட்டு மருந்து. செடி, இலை, சருகு கண்ணில் கீறினால் பூஞ்சைப் புண் வரும். தாய்ப்பால், தும்பைச் சாறு என்று கைவைத்தியத்தில் நாலு நாள் போக்கினால் கருவிழியில் பூ விழும். பிறகு லென்ஸும் உதவாது. அரவிந்த் மருத்துவமனைகளில் நடந்து 2013-இல் வெளியான ஆய்வு, இந்தப் பழைய மலிவு மருந்தே புதிய விலையுயர்ந்த வொரிகோனசோலைவிட நன்றாக வேலை செய்கிறது என்று காட்டியது. அந்த மருந்தை ஆரோலேப்பும் தயாரிக்கிறது.

தேனியில் அரவிந்த் கிளை 1980களிலேயே வந்துவிட்டது. 2006 வாக்கில், கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் அமைத்த நெடுந்தூர வைஃபை வழியாக, சுற்றுவட்டாரத்தின் 5 கண் மையங்களில் உட்கார்ந்திருந்த நோயாளிகளைத் தேனி டாக்டர்கள் திரையில் பார்த்தார்கள். போடியிலும் அரவிந்தின் கண் மையம் இருக்கிறது.

இவ்வளவு இருந்தும் ஒரு குறை உறுத்துகிறது. ஸ்டோர்களில் தரம் பிரிக்கும் பெண்களில் நாற்பதைத் தாண்டியவர்கள் ஏராளம். அந்த வயதில் கிட்டப்பொருள் மங்குவது நோயே அல்ல, நரைபோல எல்லோருக்கும் வருவது. அசாமில் 40 வயது கடந்த 751 தேயிலைத் தொழிலாளர்களிடம் நடத்திய ஆய்வு 2018-இல் வெளிவந்தது. கிட்டத்தில் உள்ளதைப் பார்க்க உதவும் கண்ணாடி பெற்றவர்கள் மற்றவர்களைவிட 21.7 சதவீதம் கூடுதலாக இலை பறித்தார்கள். 50-ஐத் தாண்டியவர்களிடம் அது 31.6 சதவீதம். காயின் பச்சையையும் வெளுப்பையும் நாள்முழுதும் பார்த்துப் பிரிக்கிறவர்களுக்கு இந்தப் பலன் குறைவாக இருக்கும் என்று நான் நம்பவில்லை.

ஸ்டோர் முதலாளிகளே, தோட்டக்காரர்களே, சீசன் சூடுபிடிக்கும் முன்பு ஒரே ஒரு காலை, சம்பளம் பிடிக்காமல் உங்கள் ஆட்களை ஊருக்குள் இருக்கும் கண் மையத்துக்கு அனுப்பிவையுங்கள். கண்ணாடி தேவைப்பட்டால் அதற்கான காசையும் நீங்களே கொடுங்கள்.