கைநூலில் இல்லாத ஒரு வரி

2017 ஜனவரி 31ஆம் திகதி இரவு, மென்பொருள் உருவாக்குநர்கள் தமது நிரல்களைச் சேமித்துவைக்கும் கிட்லாப் தளத்தின் பொறியியலாளர் ஒருவர், ஒரு கோப்புறையை அழிக்கும் கட்டளையைத் தவறான கணினியில் இட்டுவிட்டார். ஓரிரு செக்கன்களில் தவறை உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் ஏறத்தாழ 300 ஜிகாபைட் தரவு போய்விட்டது.

அவர் ஏன் அழிக்க முற்பட்டார்? கிட்லாப்பின் தரவுகள் 'போஸ்ட்கிரெஸ்' என்ற திறந்த மூலத் தரவுத்தளத்தில் இருந்தன. பிரதான சேவையகம் ஒன்று, அதன் நகலாக இன்னொன்று. அன்று வேலைப்பளு கூடி நகல் பின்தங்கியது. அதை வெறுமையாக்கி, 'பீஜீ பேஸ்பெக்கப்' என்ற கட்டளையால் மீண்டும் பிரதியெடுக்க முயன்றார்கள். கட்டளை ஓடியது, திரையில் எதுவும் வரவில்லை. முன்னைய முயற்சிகளின் மிச்சக் கோப்புகள்தான் தடையாக இருக்கின்றன என்று நினைத்தே அவர் அழிக்கப் போனார்.

உண்மையில் எதுவும் பழுதாகவில்லை. பிரதான சேவையகம் தரவை அனுப்பத் தொடங்கும்வரை அந்தக் கட்டளை மௌனமாகக் காத்திருக்கும். அதன் இயல்பே அதுதான். ஆனால் இது தங்களுடைய உள்வழிகாட்டிகளிலும் போஸ்ட்கிரெஸின் அதிகாரபூர்வ ஆவணத்திலும் தெளிவாக எழுதப்பட்டிருக்கவில்லை என்று கிட்லாப் பின்னர் தனது பகிரங்க அறிக்கையில் கூறியது.

ஆவணம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. தரவுத்தளம் 9.6ஆம் பதிப்பில் இருக்க, காப்புப்பிரதி எடுக்கும் கருவி 9.2ஆம் பதிப்பாக ஓடியதால் அன்றாடக் காப்புப்பிரதிகளும் தோல்வியடைந்திருந்தன. அதை எச்சரிக்கும் மின்னஞ்சல்களும் உரியவர்களைச் சென்றடையவில்லை. சுமார் 6 மணித்தியாலங்களுக்கு முன்னர் வேறொரு தேவைக்காக எடுத்த பிரதியே கைகொடுத்தது. ஆனாலும் சுமார் 5,000 திட்டங்களும் 5,000 கருத்துகளும் 700 புதிய பயனர் கணக்குகளும் பாதிக்கப்பட்டன.

மென்பொருளுக்கு இருவகை ஆவணங்கள் உண்டு. ஒன்று, புதியவருக்குக் கற்றுத்தரும் பாடம். மற்றது உசாத்துணை: ஒவ்வொரு கட்டளையும் என்ன செய்யும், அதன் தெரிவுகள் எவை என்ற முழு விபரம். உசாத்துணையை யாரும் ஆறுதலாக இருந்து வாசிப்பதில்லை. ஏதாவது பழுதாகும்போது, களைத்துப்போன ஒருவர் அவசரமாகத் திறக்கும் பக்கம் அது. தெரிவுகளின் பட்டியல் எவ்வளவு முழுமையாக இருந்தாலும், "எல்லாம் சரியாக நடந்தால் திரையில் என்ன தெரியும்?" என்ற கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால் அந்தப் பக்கம் அவருக்கு உதவாது.

இன்று அந்தக் கட்டளையின் பக்கத்தில் இதற்குப் பதில் இருக்கிறது. பிரதியெடுக்கத் தொடங்கும்போது, மூலச் சேவையகம் நினைவகத்தில் உள்ள மாற்றங்களை வட்டில் எழுதி முடிக்க வேண்டும். அதற்கு நேரம் எடுக்கலாம். அதுவரை கட்டளை சும்மா இருப்பதுபோலத் தோன்றும் என்று அது விளக்குகிறது. ஓரிரு வசனங்கள்தான்.

போஸ்ட்கிரெஸின் கைநூல் அதன் நிரலோடு ஒரே களஞ்சியத்திலேயே வைக்கப்படுகிறது. கைநூலில் ஒரு வசனத்தை மாற்றினாலும், நிரல் மாற்றத்தைப் போலவே மற்றவர்கள் அதைப் பரிசீலிக்கிறார்கள். எழுத்து நன்றாக இருந்தால் மட்டும் போதாது. மென்பொருள் அந்தப் பதிப்பில் உண்மையாகவே அப்படித்தான் நடந்துகொள்கிறதா என்றும் பார்க்கிறார்கள். இணையத்திலுள்ள கைநூலின் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பிழைகளை அறிவிக்க ஓர் இணைப்பு இருக்கிறது. நிரல் எழுதத் தெரியாதவரும் அதைப் பயன்படுத்தலாம்.

சொல்லப்போனால், கைநூலில் என்ன விடுபட்டிருக்கிறது என்பது மென்பொருளை எழுதியவரின் கண்ணில் இலகுவில் படாது. அவருக்குத்தான் எல்லாம் முன்பே தெரியுமே. தடுக்கி விழுந்தவருக்கே கல் கிடந்த இடம் தெரியும். "இந்தப் பக்கத்தைப் பார்த்து இதைச் செய்தேன், இது நடக்கும் என்று எதிர்பார்த்தேன், ஆனால் அது நடந்தது" என்று மூன்று வரி எழுதி அனுப்பினால், அடுத்த முறை நள்ளிரவில் அதே பக்கத்தைத் திறப்பவர் பதறாமல் காத்திருப்பார்.