தண்ணீரைப் பிரிக்கும் உத்தியோகம்

"பசுமை ஹைட்ரஜன் கம்பெனியில் பையனுக்கு வேலை வந்திருக்கிறது, அனுப்பலாமா சார்?" என்று நம் சங்கத்தில் இந்த வருஷம் மூன்று பெற்றோர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். நான் டிப்ளமோ படித்த ரயில்வேக்காரன். ஆனால் என் தம்பி மகள் குஜராத்தில் இதே தொழிலில் பிராசஸ் இன்ஜினீயர். அவளிடம் கேட்டறிந்ததை எழுதுகிறேன்.

தத்துவம் பழையது. தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சினால் ஒரு பக்கம் ஹைட்ரஜன், மறுபக்கம் ஆக்சிஜன். பக்ரா அணை மின்சாரத்தில் பஞ்சாபின் நங்கல் உரத் தொழிற்சாலை 1960களிலேயே இதைச் செய்தது. மின்சாரம் சூரிய ஒளியிலோ காற்றிலோ கிடைத்தால் 'பசுமை'. ஒரு கிலோவுக்குக் கணக்குப்படி 9 லிட்டர் தண்ணீரும், நடைமுறையில் 50 யூனிட்டுக்கு மேல் கரண்டும் வேண்டும். 2023 ஜனவரியில் மத்திய அரசு ரூ.19,744 கோடித் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. 2030க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் இலக்கு. அறிவித்த ஆலைகள் எல்லாம் எழும்பிவிடவில்லை.

என் சர்வீஸில் பெரும்பகுதி டிரெயின் லைட்டிங். பேட்டரி சார்ஜ் ஏறும்போது கிளம்புவதும் இதே வாயுதான். அதனால்தான் பேட்டரி ரூமில் பீடி கூடாது, மேலே எக்ஸாஸ்ட் ஃபேன் வேண்டும். நாங்கள் விரட்டியடித்ததை இவர்கள் விலைக்கு விற்கிறார்கள்!

மேகம் வந்தால்தான் அவளுக்கு வேலை. கரண்ட் குறைந்தால் ஆக்சிஜன் உற்பத்தியும் குறையும். நடுவிலுள்ள தடுப்பின் வழியே கசியும் ஹைட்ரஜன் அவ்வளவாகக் குறையாது. ஆகவே ஆக்சிஜனில் அதன் பங்கு ஏறும். 4 சதவீதத்தில் தீப்பற்றும் என்பதால் 2 சதவீதத்திலேயே யூனிட் தானாக நின்றுவிட வைத்திருக்கிறார்கள். சென்ற ஆடியில் ஒரே வாரத்தில் பலமுறை நின்றது. "அந்த 2-ஐ 3 ஆக்கிவிடு, சப்ளை தேதி நெருங்குகிறது" என்றார் மேலதிகாரி. "எழுத்தில் கொடுங்கள் சார்" என்றாள் இவள். அவர் கொடுக்கவில்லை. நடந்ததை ஷிப்ட் ரிஜிஸ்டரில் எழுதி வைத்தாள்.

தம்பி பயந்துபோய், "பழைய ரிஃபைனரிக்கே திரும்பிவிடு" என்றான்.

"பெரியப்பா, சிக்னல் இன்டர்லாக்கைக் கழற்றிவிட்டு வண்டி விடச் சொன்னால் நீங்கள் விட்டிருப்பீர்களா?" என்று என்னிடம் கேட்டாள். தம்பிக்கு நான் சிபாரிசு பேசவில்லை.

அவள் கண்ட வழி எளியது. வெயில் மங்கும்போது நான்கு அடுக்குகளையும் அரைகுறையாக ஓட்டாமல், இரண்டை நிறுத்தி இரண்டை நன்றாக ஓட்டுவது. கணக்குப் போட்டு, பாதுகாப்புக் குழுவில் வைத்து, ஒப்புதல் வாங்க மூன்று வாரம் ஆயிற்று. இப்போது அப்படித்தான் ஓடுகிறது. அந்த வருஷ இன்க்ரிமென்டில் மட்டும் கை வைத்துவிட்டார்கள்.

ஆகவே பெற்றோர்களே, பிள்ளைகளை இன்டர்வியூவில் இரண்டு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். ஹைட்ரஜனை வாங்குபவரோடு ஒப்பந்தம் ஆகிவிட்டதா? டிரிப் அளவை மாற்ற யார் கையெழுத்து வேண்டும்? சம்பளத்தைப் பிறகு பேசலாம்.